ரீஜென்சி நாவல் படிக்கத் தொடங்குகிறவர்களுக்கு

இருநூறு வருஷத்துக்கு முந்தைய இங்கிலாந்தில் நடக்கும் ரீஜென்சி காதல் நாவலில் முடிவு என்ன என்பது அட்டையைப் பார்த்தாலே தெரிந்துவிடும். அந்தப் பெண்ணுக்கும் அந்த ஆளுக்கும் கல்யாணம். நடுவில் பெரிய கொடுமை எதுவும் நடக்காது. அப்புறம் இதில் படிக்க என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் நிறைய. கொழிஞ்சாம்பாறையில் என் தையல் கடைக்கு ரவிக்கை அளவு கொடுக்க வரும் கல்லூரிப் பெண்கள், மிஷின் பக்கத்து அலமாரியில் இந்தப் புத்தகங்களைப் பார்த்துவிட்டு இரவல் கேட்பார்கள். சிலர் பத்துப் பக்கத்தில் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். சிலர் அடுத்தது எங்கே என்று வந்து நிற்பார்கள். இரண்டு கூட்டத்துக்கும் ஆங்கிலத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. அந்தக் காலத்துச் சட்டதிட்டம் பிடிபட்டவர்களுக்குச் சிரிப்பு வருகிறது, பிடிபடாதவர்களுக்கு வரவில்லை, அவ்வளவுதான். கதை லேசாக இருப்பதே அதைச் சுற்றியிருக்கும் விதிகள் அவ்வளவு கனமாக இருப்பதால்தான். அந்த விதிகளை முன்கூட்டியே கொஞ்சம் தெரிந்துகொண்டு உட்கார்ந்தால் முதல் அத்தியாயத்திலேயே சுகம் கிடைத்துவிடும்.

காலத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தின் மூன்றாம் ஜார்ஜ் மன்னருக்குப் புத்தி பேதலித்துப் போனதால், 1811 பிப்ரவரியில் அவருடைய மூத்த மகன் பொறுப்பு ஆட்சிக்கு வந்தார். அந்தப் பொறுப்புக்கு ரீஜென்ட் என்று பெயர். 1820 ஜனவரியில் மன்னர் இறந்து மகனே மன்னராகும் வரைக்கும் ரீஜென்சி. ஒன்பது வருஷம்தான். நாவலாசிரியர்கள் முன்னேயும் பின்னேயும் கொஞ்சம் நீட்டிக்கொள்வார்கள். நெப்போலியனோடு சண்டை நடந்துகொண்டிருக்கிறது, 1815 ஜூன் 18-ல் வாட்டர்லூவில் அவரைத் தோற்கடித்தார்கள். கதாநாயகன் லேசாக நொண்டினால் அந்தச் சண்டையில் பட்ட காயம் என்று வைத்துக்கொள்ளலாம். இதற்கு மேல் சரித்திரம் தேவையில்லை.

புத்தகம் எப்படித் தேர்ந்தெடுப்பது? இந்த வகையை ஒரு வகையாகவே நிலைநிறுத்தியவர் ஜார்ஜெட் ஹேயர். 1935-ல் ‘ரீஜென்சி பக்’ என்ற நாவலில் இந்தக் காலத்தைக் கையில் எடுத்தார். அவர் வழியில் பின்னால் பலரும் எழுதினார்கள். அமெரிக்காவில் இருநூறு சொச்சம் பக்கத்தில் மெல்லிய பேப்பர்பேக்குகளாக மாதாமாதம் வந்துகொண்டிருந்தன. 2000களின் நடுவில் அந்த வரிசைகளைப் பதிப்பகங்கள் நிறுத்திவிட்டன. அதனால் பழைய புத்தகக் கடைதான் நமக்கு வழி. நான் கோயம்புத்தூர் போனால் உக்கடத்துப் பழைய புத்தகக் கடைகளில் குனிந்து தேடுவேன். போனில் படிக்கிறவர்களுக்குப் பழசில் பல மின்நூலாக மறுபடி வந்திருக்கின்றன.

பாரம்பரிய ரீஜென்சி என்பதற்கு ஓர் அடையாளம் உண்டு. படுக்கையறைக் கதவு திறக்காது. கடைசி அத்தியாயத்தில் ஒரு முத்தம், அதுவே பெரிய விஷயம். அட்டையில் இரண்டு பேரும் கையுறை, தொப்பி எல்லாம் போட்டுக்கொண்டு மரியாதையான தூரத்தில் நின்றால் நீங்கள் தேடுவது அதுதான். ஆண் சட்டை பித்தான் கழன்று நின்றால் அது வேறு சரக்கு. அதைக் குறை சொல்லவில்லை, ஆனால் இந்தக் கட்டுரை அதைப் பற்றியதல்ல. அட்டையைப் பார்த்த பிறகு நடுவில் ஏதாவது ஒரு பக்கத்தைத் திறங்கள். பக்கம் முழுக்க இரண்டு பேர் மாறி மாறிப் பேசிக்கொண்டிருந்தால் வாங்கிவிடலாம். மலையையும் நிலாவையும் வர்ணித்துக்கொண்டிருந்தால் கீழே வைத்துவிடுங்கள். இந்த வகையின் உயிர் பேச்சில்தான் இருக்கிறது.

பழைய பேப்பர்பேக்கில் பசை காய்ந்து பக்கம் உதிரும். அதற்காக விலை குறைத்துத் தருவார்கள், தயங்காமல் வாங்குங்கள். முதுகுப் பக்கத்து ஓரத்தில், எழுத்து மறையாத இடமாகப் பார்த்து மூன்று துளை போட்டு, கோணி ஊசியில் இரட்டை நூல் கோத்து இழுத்துக் கட்டினால் போதும். இன்னும் பலருடைய கைக்கு அது போய் வரும்.

சரி, விதிகளுக்கு வருவோம். எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது சொத்து. நிலமும் பட்டமும் மூத்த மகனுக்கு. இளைய மகன்கள் பட்டாளம், கப்பற்படை, பாதிரி வேலை என்று பிழைப்பு தேட வேண்டும். நிறைய குடும்பங்களில் ஆண் வாரிசுக்குத்தான் நிலம் என்று எழுதியே வைத்திருப்பார்கள். மகளே இருந்தாலும் எங்கிருந்தோ ஒரு பங்காளி வந்து வீட்டை எடுத்துக்கொள்வான். பெண்ணுக்குக் கிடைப்பது கல்யாணத்துக்கு ஒதுக்கிய தொகை மட்டும். ஆகவே நடன அரங்கில் ஒரு பெண் சிரித்துப் பேசும்போது அவளுடைய அடுத்த நாற்பது வருஷச் சோறும் கூடவே பேசப்படுகிறது. இதை மனதில் வைத்துக்கொண்டால், பணமில்லாத நாயகி பணக்காரனை வேண்டாம் என்று சொல்லும் இடத்தில் அவளுடைய தைரியம் எவ்வளவு பெரியது என்று தெரியும். கணக்குக்கு ஒன்று மட்டும் போதும்: ஒரு பவுண்டுக்கு 20 ஷில்லிங், ஒரு கினிக்கு 21. பந்தயமும் குதிரை விலையும் பெரும்பாலும் கினியில்தான் வரும்.

அடுத்தது, ஓடிப்போவது. 1753-ல் இங்கிலாந்தில் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். 21 வயது ஆகாதவர்கள் உரிமம் வாங்கிக் கல்யாணம் செய்யப் பெற்றோர் சம்மதம் வேண்டும். இல்லாவிட்டால் தேவாலயத்தில் மூன்று ஞாயிற்றுக்கிழமை அறிவிக்க வேண்டும், அப்போதும் பெற்றோர் எழுந்து ஆட்சேபித்தால் போச்சு. ஸ்காட்லாந்தில் இந்தச் சட்டம் செல்லாது. அதனால் எல்லையைத் தாண்டியதும் வரும் கிரெட்னா கிரீன் என்ற ஊருக்கு வண்டி கட்டிக்கொண்டு ஓடுவார்கள். தமிழ்நாட்டில் 2003-லேயே லாட்டரியை நிறுத்திவிட்டார்கள், கோபாலபுரம் செக்போஸ்ட்டைத் தாண்டி எங்கள் கேரளப் பக்கம் வந்தால் டிக்கெட் மேஜை போட்டு விற்கிறார்கள். அதே கதைதான் கிரெட்னா கிரீனும். லண்டனிலிருந்து அங்கே 300 மைலுக்கு மேல். வழியில் குதிரை மாற்ற வேண்டும், இரவில் விடுதியில் தங்க வேண்டும், பின்னால் அண்ணன் துரத்தி வருவான். ஆசிரியர்களுக்கு இது பெரிய வரப்பிரசாதம். நல்ல ஆசிரியர் கையில் பாதி வழியிலேயே அந்தப் பெண்ணுக்கு, கூட வந்தவன் எப்படிப்பட்ட ஆள் என்று தெரிந்துவிடும்.

பட்டப் பெயர்கள்தான் பலரையும் ஓட வைக்கிறது. டியூக், மார்க்வெஸ், ஏர்ல், வைகவுன்ட், பாரன், மேலிருந்து கீழே இதுதான் வரிசை. ஒரே ஆளுக்குக் குடும்பப் பெயர் ஒன்று, பட்டப் பெயர் ஒன்று, ஞானஸ்நானப் பெயர் ஒன்று என்று மூன்று இருக்கும். ஒரு துண்டுத் தாளில் எழுதிப் புத்தகத்துக்குள் செருகிக்கொள்ளுங்கள். இருநூறு பக்கம் அவரைப் பட்டப் பெயரால் மட்டுமே கூப்பிட்டவள் ஒருநாள் வாய்தவறி ஞானஸ்நானப் பெயரைச் சொல்லிவிடுவாள். துண்டுத் தாள் எழுதி வைத்தவர்கள் அந்த இடத்தில் நிமிர்ந்து உட்காருவார்கள்.

இப்போது நடனம். லண்டனில் ஆல்மாக்ஸ் என்று ஓர் அரங்கு இருந்தது. புதன்கிழமை இரவு நடனம். உள்ளே போகச் சீட்டு வேண்டும், அந்தச் சீட்டைக் கொடுப்பதும் மறுப்பதும் சில பிரபு வீட்டுப் பெண்மணிகளின் கையில். இரவு 11 மணிக்கு மேல் எவ்வளவு பெரிய ஆளானாலும் கதவு திறக்காது. கிடைப்பது எலுமிச்சைச் சாறும் மெல்லிய ரொட்டியும்தான், ஆனாலும் அதற்காக உயிரை விடுவார்கள். ஒரே ஆளோடு இரண்டு தடவைக்கு மேல் ஆடினால் நிச்சயதார்த்தம் ஆகிவிட்டது என்று ஊர் பேசும். இன்னொரு வழக்கமும் உண்டு. ஒருவர் ஆடக் கூப்பிட்டு ஒரு பெண் மறுத்துவிட்டால், அன்று இரவு அவள் வேறு யாரோடும் ஆடுவது மரியாதையில்லை.

இந்த ஒரு வழக்கத்தை வைத்து எப்படிக் காட்சி கட்டுவார்கள் என்று நானே ஒன்று சொல்லிப் பார்க்கிறேன். காலை மிதித்து மிதித்து ஆடும் ஒரு பாதிரியார் வந்து நாயகியைக் கூப்பிடுகிறார். கால் வலிக்கிறது என்று சொல்லி அனுப்பிவிடுகிறாள். அவர் நகர்ந்ததும் நாயகன் வந்து நிற்கிறான். அவளுக்கு ஆட ஆசை, ஆட முடியாது. “கால் வலி என்று கேள்விப்பட்டேன். எந்தக் கால்?” “இடது கால்.” “நீங்கள் தடவிக்கொண்டிருப்பது வலது காலை.” “வலி மாறிவிட்டது.” “அப்படியானால் அது மறுபடி எப்போது மாறும் என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறேன்.” உட்கார்ந்துவிடுகிறான். எதிர்ச்சுவர் ஓரமாக அத்தை விசிறியை மடக்குகிறாள். அவ்வளவுதான் காட்சி. கை கூடத் தொடவில்லை, காதல் என்ற பேச்சே இல்லை. அந்த வழக்கம் தெரியாமல் படித்தால் இது வெறும் கால்வலிப் பேச்சு. தெரிந்து படித்தால், அவள் ஆடாமல் உட்கார்ந்திருக்க வேண்டிய அந்தத் தண்டனைக் காலத்தை அவன் தனக்குப் பரிசாக மாற்றிக்கொண்டது புரியும். இந்த மாதிரி இடங்களில் வேகமாகப் புரட்டாதீர்கள். வாய்விட்டுப் படித்துப் பாருங்கள், ஆள் இருந்தால் இரண்டு பேராக மாறி மாறிப் படியுங்கள். கடையில் கூட்டமில்லாத மத்தியானங்களில் எங்களுக்கு இதுதான் பொழுதுபோக்கு.

உடை வர்ணனையைத் தாண்டிப் போகிறவர்கள் உண்டு. தொழில் காரணமாக எனக்கு அது பொறுக்காது. அங்கே உடைதான் சேதி சொல்கிறது. இடுப்பு மார்புக்குக் கீழேயே வந்துவிடும், அங்கிருந்து பாதம் வரை நேராக இறங்கும், இன்று நாம் எம்பயர் கட் என்று தைக்கிறோமே அதேதான். ஜிப் கிடையாது, பெரும்பாலும் நாடாவும் குண்டூசியும்தான். துணி மெல்லிய மஸ்லின், மேலே காஷ்மீர் சால்வை போட்டால் பணக்காரி. பாவாடைக்குள் பை வைத்தால் புடைத்துத் தெரியும் என்பதால் கையில் சின்னச் சுருக்குப்பை. முதல் முறையாகச் சபைக்கு வரும் பெண்ணுக்குப் பெரும்பாலும் வெள்ளை அல்லது வெளிர் நிறம். கறுப்பு என்றால் துக்கம், அது முடிந்து சாம்பல் நிறமோ லாவெண்டர் நிறமோ என்றால் பாதித் துக்கம். லாவெண்டர் நிறத்தில் ஒரு விதவை நடன அரங்கில் சுவரோரம் நின்று காலால் தாளம் போடுகிறாள் என்று ஆசிரியர் எழுதினால், அவளுடைய கதை அடுத்த அத்தியாயத்தில் திரும்பப்போகிறது.

இளைஞர்கள் பேசும் கொச்சை மொழிக்கு அகராதி தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். அவர்கள் வாயில் புரியாத சொல் வந்தால் அது குடி, கடன், குதிரை, குத்துச்சண்டை இந்த நாலில் ஒன்றாகத்தான் இருக்கும். ஊகித்துக்கொண்டு மேலே போங்கள்.

ஒன்றை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு படிக்காதீர்கள். இந்தியாவில் சம்பாதித்துக்கொண்டு திரும்பிய பணக்கார மாமா பல கதைகளில் வருவார், நாயகியின் கஷ்டத்தை ஒரே கையெழுத்தில் தீர்த்து வைப்பார். அந்தப் பணம் எங்கிருந்து போனது என்று நமக்குத் தெரியும். ஹைதர் அலி 1766-ல் கட்டிய எங்கள் பாலக்காட்டுக் கோட்டையை 1790-ல் கம்பெனிப் படை பிடித்தது, அந்தப் படைகளில் இருந்தவர்கள்தான் இந்த மாமாக்கள். மேற்கிந்தியத் தீவுகளில் கரும்புத் தோட்டம் என்று வந்தால் அங்கே அடிமைகள் உழைத்தார்கள். அடிமை வியாபாரத்தை 1807-ல் தடை செய்தார்கள், அடிமை முறையை ஒழிக்கும் சட்டம் வர 1833 ஆனது. நான் இதற்காகப் புத்தகத்தை ஒதுக்குவதில்லை. அந்த வரி வரும்போது நின்று நினைத்துவிட்டுத்தான் தாண்டுகிறேன். இரவல் வாங்குகிற பெண்களிடமும் சொல்லித்தான் கொடுக்கிறேன்.

எந்த வரிசையில் படிப்பது என்பதில் என் யோசனை பலருக்குப் பிடிக்காது. ஜேன் ஆஸ்டினிலிருந்து தொடங்குங்கள் என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். நான் அவரைக் கடைசியில் வைக்கச் சொல்கிறேன். அவர் 1817-ல் இறந்துவிட்டார், தன் காலத்தைத் தன் காலத்து ஆட்களுக்காக எழுதினார். அவருடைய வாசகர்களுக்கு விதிகள் தெரியும், அதனால் அவர் விளக்க வேண்டியிருக்கவில்லை. பின்னால் வந்தவர்களோ தெரியாதவர்களுக்காக எழுதினார்கள், போகிற போக்கில் எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். ஆகவே மெல்லிய பேப்பர்பேக் சிலது, அப்புறம் ஹேயர், அப்புறம் ஆஸ்டின். இந்த வழியாகப் போய்ச் சேர்ந்தால், ஒரு மாப்பிள்ளைக்கு ஆண்டு வருமானம் இவ்வளவு என்று ஆஸ்டின் ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போகும்போது, அந்த ஊரில் பெண் வைத்திருக்கும் ஒவ்வொரு வீட்டிலும் என்ன நடந்திருக்கும் என்று அவர் சொல்லாமலே தெரியும்.

பிடித்த புத்தகத்தை இரண்டாம் முறை படிக்கும்போது முழுவதையும் படிக்க வேண்டாம். அவர்கள் இரண்டு பேரும் பேசும் இடங்களை மட்டும் முதல் சந்திப்பிலிருந்து வரிசையாகப் படியுங்கள். நாயகன் எந்த வரியில் விழுந்தான் என்று தேடுங்கள். நல்ல ஆசிரியர்கள் அதைச் சொல்ல மாட்டார்கள், ஆனால் ஒளித்து வைத்திருப்பார்கள். கண்டுபிடித்தால் பென்சிலில் கோடு போடுங்கள், என் புத்தகங்களில் கோடு போட அனுமதி உண்டு. ஹேயர் நாவல் ஒன்றில் மூன்று பெண்கள் மூன்று வெவ்வேறு பக்கத்தில் கோடு போட்டிருக்கிறார்கள். நாயகி மழையில் நனைந்த தொப்பியோடு அவனைத் திட்டுகிற இடம்தான் என்பது என் கட்சி.