காது கிழியாமல் காரின் எக்ஸாஸ்ட்டை மாற்றுவது எப்படி?

எக்ஸாஸ்ட்டை, அதாவது எஞ்சின் புகையை வெளியே கொண்டுபோகும் குழாய் வரிசையை, மாற்ற நினைப்பவர்கள் முதலில் போய் நிற்பது சைலன்சர் முன்னால்தான். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். கம்பெனி சைலன்சரைக் கழற்றிவிட்டு, உள்ளே தடுப்பே இல்லாத ஒன்றை மாட்டினேன். முதல் பத்து நிமிடம் சொர்க்கம். நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் ஒரு மணி நேரம் ஓட்டியதும் தலை விண்ணென்று வலித்தது. பக்கத்து இருக்கையில் இருந்தவர் சொன்னது எதுவும் காதில் விழவில்லை. அடுத்த வாரமே பழையது திரும்ப ஏறிவிட்டது.

நல்ல சத்தம் வேறு, பெரிய சத்தம் வேறு. கனமான, அடங்கிய குரல் வேண்டுமென்றால் பொருளை வாங்குவதற்கு முன்பே கொஞ்சம் கணக்குப் போட வேண்டும்.

படி 1: இப்போது எவ்வளவு சத்தம் என்று அளந்து வையுங்கள்

போனில் டெசிபல் அளக்கும் செயலி போதும். அது காட்டும் எண் துல்லியமாக இருக்காது. ஆனால் அதே போனில் அதே இடத்தில் மாற்றத்துக்கு முன்னும் பின்னும் அளந்தால் வித்தியாசம் தெரியும். நிற்கும் வண்டியின் சத்தத்தை அளக்கும் ஐஎஸ்ஓ 5130 முறையையே பின்பற்றலாம்: குழாயின் வாயிலிருந்து அரை மீட்டர் தள்ளி, புகை வரும் திசைக்கு 45 டிகிரி கோணத்தில், குழாயின் உயரத்தில் மைக்கை வைக்க வேண்டும். எஞ்சினை ஒவ்வொரு முறையும் ஒரே ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்ற கணக்கு) வைத்திருங்கள். திறந்த வெளியில் செய்யுங்கள். சுவர் பக்கத்தில் இருந்தால் எதிரொலி கணக்கைக் கெடுத்துவிடும்.

டெசிபல் நேர்கோட்டில் ஏறுவதில்லை. 3 டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் இரண்டு மடங்கு. 10 டெசிபல் கூடினால் நம் காதுக்குச் சத்தமே ஏறக்குறைய இரண்டு மடங்காகத் தோன்றும். அதனால் 'ஐந்தாறுதானே' என்று சமாதானம் சொல்லிக்கொள்ளாதீர்கள்.

உங்கள் ஊர்ச் சட்டம் எத்தனை டெசிபல் வரை அனுமதிக்கிறது, குழாயை மாற்றவே விடுகிறதா என்பதையும் இப்போதே பார்த்துவிடுங்கள்.

படி 2: எங்கே கை வைக்கலாம், எங்கே கூடாது

எஞ்சினிலிருந்து பின்பக்கம் வரை வரிசை இப்படி: சிலிண்டர்களின் புகையை ஒன்றாகச் சேர்க்கும் மேனிஃபோல்டு, கேட்டலிட்டிக் கன்வர்ட்டர், நடுக்குழாய், அதில் சில ஒலி அலைகளை அடக்கும் ஒரு ரெசனேட்டர், கடைசியில் மஃப்ளர். நாம் பொதுவாகச் சைலன்சர் என்பது இந்த மஃப்ளரைத்தான்.

முதல் முறை செய்பவர் கன்வர்ட்டருக்கு முன்னால் இருக்கும் எதையும் தொட வேண்டாம். கன்வர்ட்டரையும் தொட வேண்டாம். அது நச்சுப் புகையை மாற்றும் பொருள். கழற்றுவது பல நாடுகளில் குற்றம். போதாக்குறைக்கு அதுவும் ஓரளவு சத்தத்தை விழுங்குகிறது. அதை எடுத்துவிட்டால் ஒரு கரகரப்பு வரும், அது யாருக்கும் பிடிக்காது.

சரி, மஃப்ளரை மட்டும் மாற்றலாமா, கன்வர்ட்டருக்குப் பின்னால் எல்லாவற்றையும் மாற்றலாமா? முதலில் மஃப்ளர் மட்டும். ஓட்டிப் பாருங்கள். போதவில்லை என்றால் நடுக்குழாய்க்குப் போகலாம். இரண்டையும் ஒன்றாக மாற்றினால் எது என்ன செய்தது என்றே தெரியாது.

படி 3: குழாயின் அகலம்

'குழாய் பெரிதானால் பவர் ஏறும்' என்பது பாதி உண்மை. எஞ்சினுக்குப் பின்னழுத்தம் (குழாயின் தடையால் புகை எஞ்சினை நோக்கித் திருப்பித் தரும் அழுத்தம்) தேவை என்பதும் பரவலான தப்புக் கணக்கு. எஞ்சின் கேட்பது பின்னழுத்தத்தை அல்ல, புகை வேகமாக ஓடுவதை. முந்தைய சிலிண்டரின் புகை ஓடும் வேகம் அடுத்ததன் புகையையும் இழுத்துக்கொண்டு போகும். குழாய் அளவுக்கு மீறி அகலமானால் இந்த வேகம் குறையும், கீழ் ஆர்பிஎம்மில் இழுவை தளரும், சத்தமும் ஏறும்.

டர்போ இல்லாத எஞ்சினுக்கு ஒரு தோராயக் கணக்கு: 1.5 லிட்டர் வரை 2 அங்குலம், 2 லிட்டருக்கு 2.25 முதல் 2.5 அங்குலம். டர்போ உள்ள வண்டியில் டர்போவுக்குப் பிறகு தடை குறைவாக இருப்பதே நல்லது. டர்போவுக்குள் புகை சுழற்றும் டர்பைனே சத்தத்தில் ஒரு பங்கை அடக்கிவிடும், அந்த வகையில் டர்போ வண்டிக்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள்.

படி 4: மஃப்ளரும் ரெசனேட்டரும்

மஃப்ளரில் முக்கியமாக இரண்டு வகை. ஒன்றில் உள்ளே அறைகள் இருக்கும். புகை முட்டி மோதித் திரும்பி வெளியே வரும். இதன் சத்தம் குறைவு, தடை கொஞ்சம் அதிகம். இன்னொன்றில் ஓட்டைகள் போட்ட நேர்க்குழாயைச் சுற்றிக் கண்ணாடி இழையோ ஸ்டீல் இழையோ திணித்திருக்கும். அந்தப் பஞ்சு ஒலியைக் குடித்துவிடும். தடை குறைவு. ஆனால் மஃப்ளர் சிறிதாக இருந்தால் பஞ்சு போதாது, சத்தம் பிய்த்துக்கொண்டு வரும். நேர்க்குழாய் வகைதான் வேண்டுமென்றால், அடியில் எவ்வளவு நீளமும் பருமனும் கொள்ளுமோ அவ்வளவு பெரிதாக வாங்குங்கள். வாயில் மாட்டும் பளபளப்பான முனை அழகுக்கு மட்டும்தான்.

ரெசனேட்டரை மட்டும் எடுத்துவிடாதீர்கள். காதைக் குடையும் குறிப்பிட்ட அலைகளை அடக்குவதே அதன் வேலை. நான் முதல் தடவை செய்த தப்பு இதுதான்: மஃப்ளரோடு அதையும் தூக்கிவிட்டேன்.

படி 5: கழற்றுதல்

வண்டி முழுதாக ஆற வேண்டும். சமதளத்தில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, ஜாக்கியில் தூக்கி, கட்டாயம் ஆக்சில் ஸ்டாண்டில் (வண்டியைத் தாங்கி நிற்கும் இரும்புத் தாங்கி) உட்கார வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்காதீர்கள். துருப்பிடித்த நட்டுகளுக்கு முதல் நாள் இரவே துரு நீக்கும் எண்ணெய் அடித்து வைத்தால் காலையில் பாதி வேலை முடிந்திருக்கும். குழாயைத் தொங்கவிடும் ரப்பர் ஹேங்கரைக் கழற்றச் சோப்புத் தண்ணீர் போதும். மஃப்ளரின் கனத்தை யாராவது கீழிருந்து தாங்கட்டும்.

படி 6: மாட்டுதல்

குழாய் இணைப்புகளை இறுக்கும் கிளாம்ப்களை முதலில் தளர்வாக மாட்டுங்கள். எல்லாம் நேராக உட்கார்ந்த பிறகு முன்னிருந்து பின்னாக இறுக்குங்கள். இணைப்பில் கசிவைத் தடுக்கும் கேஸ்கெட் புதிதாக இருக்கட்டும். குழாய் சூட்டில் நீளும்: 2 மீட்டர் ஸ்டெயின்லெஸ் 304 குழாய் 300 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 1 சென்டிமீட்டர் நீளும். எஞ்சினும் ஆடும். அதனால் குழாய்க்கும் பாடிக்கும் நடுவே விரல் நுழையும் இடைவெளி வேண்டும். பாடியில் உரசினால் வரும் கடகடப்பை மஃப்ளரின் குறை என்று நினைத்து ஏமாறுபவர்கள் நிறைய. குழாயின் வாய் பம்பருக்கு வெளியே நீட்டியிருக்கட்டும். உள்ளே நின்றால் புகை அடியில் தேங்கி வண்டிக்குள் வரும். கார்பன் மோனாக்சைடுக்கு மணமே கிடையாது.

படி 7: கசிவு பார்த்தல்

திறந்த வெளியில் எஞ்சினைக் குளிர்ந்த நிலையிலேயே ஸ்டார்ட் செய்து, தடிமனான துணியால் குழாயின் வாயை ஒரு நொடி அடையுங்கள். இணைப்புகளில் 'உஸ்' என்று கேட்டால் கசிவு. ஓட்டி வந்து ஆறியதும் கிளாம்ப்களை மறுபடி இறுக்குங்கள்.

படி 8: ரீங்காரம் வந்தால்

ஒரே வேகத்தில் போகும்போது வண்டிக்குள் 'கும்ம்' என்று அடைக்கிறதா? அது எந்த ஆர்பிஎம்மில் என்று குறித்துக்கொள்ளுங்கள். நான்கு சிலிண்டர், நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் ஒரு சுற்றுக்கு இரண்டு வெடிப்பு. 3000 ஆர்பிஎம் என்றால் நொடிக்கு 50 சுற்று, 100 வெடிப்பு. அதாவது 100 ஹெர்ட்ஸ்.

இதற்கு ஒரு அழகான வைத்தியம் உண்டு. முக்கியக் குழாயிலிருந்து ஒரு கிளை பிரித்து, அதன் முனையை மூடிவிடுவது. கிளையின் நீளம் அந்த ஒலி அலையின் நீளத்தில் கால் பங்கு இருந்தால், போய்த் திரும்பும் அலை எதிராக வந்து மோதி ரீங்காரத்தைக் கொன்றுவிடும். 300 டிகிரி சூட்டில் புகைக்குள் ஒலி நொடிக்கு ஏறக்குறைய 480 மீட்டர் ஓடும். 480-ஐ 100-ஆல் வகுத்தால் அலையின் நீளம், அதில் நாலில் ஒரு பங்கு எடுத்தால் 1.2 மீட்டர். அவ்வளவு நீளக் குழாயை வளைத்து அடியில் ஒளித்துவிடலாம். புகையின் ஓட்டத்துக்கு இது தடையே இல்லை. வெல்டிங் தெரிந்தவரிடம் கொடுங்கள். அதற்கு முன் பேட்டரி இணைப்பைக் கழற்றிவிடச் சொல்லுங்கள்.

இதையும் செய்தபின் படி 1-இல் அளந்த அதே இடத்தில் மறுபடி அளந்து பாருங்கள். நேர்க்குழாய் வகை மஃப்ளர் என்றால் பஞ்சு நாளாக ஆகக் கருகும், சத்தம் மெல்ல ஏறும். வருடத்துக்கு ஒருமுறை இந்த அளவை எடுத்து எழுதி வைத்தால் அது பிடிபடும். கம்பெனி மஃப்ளரைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள். வண்டியை விற்கும்போது கேட்பார்கள்.