சபையின் உணவு வங்கி: அன்போடு செய்யும் தவறுகள்

சிங்கப்பூரில் உள்ள எங்கள் சபையின் உணவு வங்கியில் முதல் ஆறு மாதம் வந்தவர்கள் எல்லாருக்கும் ஒரே பைதான். தாய்லாந்து அரிசி, நூடுல்ஸ், பிஸ்கட், டின்னில் அடைத்த பன்றி இறைச்சி. ஒரு நாள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக் ஒன்றின் கீழ்த்தளத்தில் எங்கள் டின்கள் வரிசையாக நிற்பதைப் பார்த்தேன். எறிய மனமில்லாமல், வேறு யாராவது எடுத்துக்கொள்ளட்டும் என்று வைத்துவிட்டுப் போயிருந்தது ஒரு முஸ்லிம் குடும்பம். அவர்கள் என்ன சாப்பிடுவார்கள் என்று நாங்கள் ஒருமுறைகூடக் கேட்கவில்லை.

பெரிய தவறு இதுதான்: பையை நாமே கட்டிக் கொடுப்பது. தமிழ்க் குடும்பத்துக்குப் புழுங்கல் அரிசியும் துவரம்பருப்பும் புளியும் இருந்தால் ஒரு வாரம் ஓடும். பத்து நூடுல்ஸ் பொட்டலம் அதைச் செய்யாது. பொருள்களை அலமாரியில் கடைபோல் அடுக்குங்கள். ஹலால் முத்திரை உள்ளவை, சைவம் இரண்டையும் தனித்தனியே வையுங்கள். குடும்பத்தின் அளவுக்கேற்ப இத்தனை பொருள் என்று வரம்பு வைத்து, அவர்களையே எடுக்கவிடுங்கள். தாய்மாருக்குத் தங்கள் பிள்ளை எதை உண்ணும் என்பது நம்மைவிட நன்றாகத் தெரியும்.

அடுத்தது, "அரசாங்க உதவி இருக்கிறதே" என்ற நினைப்பு. காம்கேர் என்ற அரசாங்க நிதி உதவி பெரும்பாலும் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் உள்ள குடும்பங்களுக்கானது. வெளிநாட்டுக் குடும்பம் ஒன்றில் கணவர் வேலை இழந்து, அவருடைய வேலை அனுமதி ரத்தானால், பொதுவாக முப்பது நாளுக்குள் குடும்பமே புறப்பட வேண்டியிருக்கும். அந்த நாள்களில் கையில் இருக்கும் பணம் டிக்கெட்டுக்கா, சோற்றுக்கா என்ற கேள்வியோடு வருபவரிடம் சம்பளச் சீட்டு கேட்பது எனக்குப் பொறுக்க முடியாத கொடுமையாகத் தெரிகிறது. அடையாள அட்டை எண்ணையும் நகலெடுத்து வைக்காதீர்கள். அந்த எண்ணைத் தேவையின்றித் திரட்டக் கூடாது என்று தனிநபர் தரவுப் பாதுகாப்பு விதிகள் 2019 செப்டம்பர் முதல் தெளிவாகவே சொல்கின்றன. ஒரு பெயர், வீட்டில் எத்தனை பேர், ஒவ்வாமை உண்டா, இவை போதும்.

பை வாங்கும் பெண்ணைப் படமெடுத்து முகநூலில் போடுவது, பை கொடுப்பதற்கு முன் ஜெபத்துக்கு உட்காரச் சொல்வது, இரண்டும் வேண்டாம். விரும்பிக் கேட்பவருக்காக ஜெபிக்கலாம். அரிசிக்கு விலையாக அதை வைத்துவிட்டால் இந்துக்களும் முஸ்லிம்களும் வராமலே பட்டினி கிடப்பார்கள்.

உணவுப் பாதுகாப்பில் கவனம் சிதறக் கூடாது. சமைத்த உணவு 5 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பத்தில் நெடுநேரம் கிடந்தால் கிருமி பெருகும்; நம் ஊர் வெக்கையில் இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. "இந்தத் தேதிக்குள் பயன்படுத்துக" என்பது பாதுகாப்பைப் பற்றியது, "இந்தத் தேதிவரை சிறந்தது" என்பது தரத்தைப் பற்றியது. தொண்டூழியர் எல்லாரும் இந்த வேறுபாட்டைப் படித்துக்கொள்ள வேண்டும். 2024இல் நிறைவேறிய நல்ல சமாரியர் உணவு நன்கொடைச் சட்டம் நன்கொடையாளருக்குச் சட்டப் பொறுப்பிலிருந்து பாதுகாப்பு தருகிறது. ஆனால் சுகாதார நடைமுறைகளைப் பின்பற்றி, உணவை எப்படி வைப்பது, எவ்வளவு நேரத்துக்குள் உண்பது என்பதைத் தெரிவித்தவருக்கே அது பொருந்தும்.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் மட்டும் திறப்பதும் ஒரு தவறே. அந்த நேரத்தில் வாசலில் நிற்பவரைச் சபை முழுவதும் பார்க்கும். நாங்கள் இப்போது புதன்கிழமை மாலை, பக்கவாசல் வழியாகத் திறக்கிறோம். பைகளில் சபையின் பெயரும் இல்லை.