"பரவாயில்லை"க்கு எத்தனை மதிப்பெண்?

கடலூர் முதுநகர் துறைமுகத்தில் மீன் கூடையை இறக்கி வைத்த ஓர் அம்மாவிடம், "வியாபாரம் எப்படிப் போகிறது?" என்று கேட்டேன். "பரவாயில்லை தம்பி" என்றார். நேர்காணல் பதில்களை எண்ணாக்குவது எங்கள் வேலை. இந்தப் பதிலுக்கு ஐந்துக்கு எத்தனை போடுவது? எழுத்துப் படியைப் படித்த இருவரில் ஒருவர் 4 போட்டார், மற்றவர் 2. சராசரியாக 3 என்று அட்டவணையில் ஏற்றிவிட்டோம். பிறகு ஒலிப்பதிவைக் கேட்டேன். அந்தச் சொல்லுக்கு முன்னால் ஒரு பெருமூச்சு, பின்னால், "ஐஸுக்கே பாதி போய்விடுகிறது." நாங்கள் போட்ட 3, அவர் சொல்லாத பதில்.

நேர்காணலை எண்ணாக்கும்போது நடக்கும் பெரிய தவறு இதுதான். இருவர் வேறு வேறு எண் போட்டால், மதிப்பெண் விதி தெளிவாக இல்லை என்று பொருள். உட்கார்ந்து பேசி விதியைத் திருத்துங்கள். முடித்துவிட்ட நேர்காணல்களுக்கும் புது விதிப்படி மறுபடி எண் போடுங்கள். அலுப்பூட்டும் வேலைதான், ஆனால் குறுக்குவழி இல்லை.

"நூற்றில் 82 இடங்களில் ஒத்துப்போனோம்" என்று நிம்மதி அடைவதும் ஆபத்து. இருவருமே நூறு பேரில் 90 பேருக்கு 'நிவாரணம் கிடைத்தது' என்று குறித்திருந்தால், கண்ணை மூடிக்கொண்டு போட்டாலே 82 அளவுக்கு ஒத்துப்போகும். தற்செயலைக் கழித்துப் பார்க்கத்தான் ஜேக்கப் கோகென் 1960இல் கப்பா அளவையைத் தந்தார். இந்தக் கணக்கில் கப்பா பூஜ்யம், அதாவது தற்செயலைத் தாண்டிய ஒற்றுமை எதுவுமே இல்லை!

மௌனத்துக்குப் பூஜ்யம் போடுவதை என்னால் பொறுத்துக்கொள்ளவே முடியாது. தேவனாம்பட்டினத்தில் ஒரு பெண் கடனைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. பக்கத்தில் மாமியார் உட்கார்ந்திருந்தார். அந்தப் பெண்ணுக்கு 'கடன்: 0' என்று எழுதினால், கடனே இல்லாத வீடாகிவிடும். 'கேட்கவில்லை', 'சொல்லவில்லை', 'இல்லை என்றார்' ஆகிய மூன்றுக்கும் தனித்தனிக் குறி வேண்டும்.

அடுத்தது கூட்டல். சுனாமிக்குப் பின் கடலிலிருந்து தள்ளிக் கட்டிய கான்கிரீட் வீட்டுக்கு 9, படகை விட்டு விலகிப்போன பிழைப்புக்கு 1 என்று வைத்துக்கொள்ளுங்கள். கூட்டிப் பாதியாக்கினால் 5. வீட்டின் பளபளப்பு பசியை மறைத்துவிடுகிறது. இரண்டையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் 3தான் வரும். நாடுகளின் ஆயுள், கல்வி, வருமானத்தை ஒரே எண்ணாக்கும் மனித மேம்பாட்டுக் குறியீட்டெண் 2010இல் கூட்டுச் சராசரியிலிருந்து பெருக்குச் சராசரிக்கு மாறியதும், ஒன்றின் குறையை இன்னொன்று முழுதாக ஈடுகட்டிவிடக் கூடாது என்பதற்காகவே. 1க்கும் 2க்கும் உள்ள தூரம் 4க்கும் 5க்கும் உள்ள தூரந்தானா என்ற கேள்வியும் மிச்சம் இருக்கிறது. அதனால் எந்தச் சராசரி எடுத்தாலும், எத்தனை பேர் எந்த எண்ணில் இருக்கிறார்கள் என்ற பட்டியலைச் சேர்த்தே காட்டுங்கள்.

ஒரு சொல் எத்தனை முறை வந்தது என்று எண்ணி, அதையே எடையாக வைப்பவர்களும் உண்டு. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் பண்ருட்டிப் பக்கத்து முந்திரித் தோப்புகளைச் சாய்த்துப் போட்டது. தோப்பை இழந்த ஒரு பெரியவர் மரத்தைப் பற்றி ஒரே ஒரு முறைதான் பேசினார். "அப்பா வைத்தது" என்றார். அதற்குப் பிறகு பேச்சை மாற்றிவிட்டார். நகரத்து வீட்டில் மின்சாரம் இல்லாமல் தவித்தவரோ பதினொரு முறை மின்சாரத்தைச் சொன்னார். எத்தனை முறை சொன்னார் என்பதற்கு ஒரு நிரல், எதை இழந்தார் என்பதற்கு இன்னொரு நிரல் வையுங்கள்.