எச்.ஆர். வேலைக்குப் புதிதாக வருபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் கோயம்புத்தூரில் தொழிற்சாலை எச்.ஆர். ஆட்கள் கூடிய ஒரு கூட்டம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த இளைஞர் லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினார். வேலைக்குச் சேர்ந்து 14 மாதம் ஆகிறதாம். விற்பனையில் சம்பளச் செலவு எத்தனை சதவீதம் என்று மாதாமாதம் ஒரு கோடு வரைந்திருந்தார். கோடு இறங்கிக்கொண்டே போனது. "எம்.டி.க்கு ரொம்ப திருப்தி சார்" என்றார். அந்த மாதங்களில் யார் யார் வேலையை விட்டுப் போனார்கள் என்று கேட்டேன். எண்ணிக்கையைச் சட்டென்று சொன்னார். பெயர் கேட்டபோது ஃபைலைத் திறந்து தேட வேண்டியிருந்தது.

அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 2014-இல் நானும் அதே கோட்டைத்தான் வரைந்துகொண்டிருந்தேன். அதனால் என்ன ஆனது என்பதை அன்றைக்கு அவரிடம் முழுதாகச் சொல்ல நேரம் கிடைக்கவில்லை. இங்கே சொல்கிறேன்.

பி.எஃப். பணத்தை அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்டுவது, ஈ.எஸ்.ஐ. வரம்பைச் சரிபார்ப்பது, ஆஃபர் லெட்டரில் பெயரைத் தப்பாக அடிக்காமல் இருப்பது போன்றவற்றை எழுதப் போவதில்லை. அவற்றில் தவறினால் அதே மாதத்தில் யாராவது வந்து சொல்லிவிடுவார்கள். யாரும் வந்து சொல்லாத தவறுகள்தான் நிறுவனத்தை அரிக்கின்றன.

சம்பளச் செலவையே மார்க்காக எடுத்துக்கொள்வது

நான் அப்போது இருந்தது, அலுமினிய கியர்பாக்ஸ் ஹவுசிங்குகளை (வெளிக்கூடுகளை) மெஷினிங் செய்து வெளிநாட்டுக்கு அனுப்பும் ஆலை. 300 பேருக்குக் கொஞ்சம் மேல் இருப்பார்கள். அந்த வருடம் எல்லாருக்கும் ஒரே மாதிரி 8 சதவீதம் இன்கிரிமென்ட் என்று முடிவானது. கொள்கையை எழுதியவன் நான். யாருக்கும் விதிவிலக்கு கிடையாது என்ற வரியையும் நான்தான் சேர்த்தேன். அதுதான் நியாயம் என்று மனதார நம்பினேன்.

கம்ப்யூட்டர் புரோகிராமில் உலோகத்தை வெட்டும் வி.எம்.சி. மெஷின்கள் இருக்கும் பகுதியில் ஒரு செட்டர் இருந்தார், மெஷினை வேலைக்குத் தயார் செய்து கொடுப்பவர். ஐ.டி.ஐ. முடித்து அங்கேயே வளர்ந்தவர், 11 வருட அனுபவம். சம்பளம் 26,000. ஒருநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில், கையில் ஒட்டியிருந்த கூலன்ட்டை வேஸ்ட் துணியில் துடைத்துக்கொண்டே என் அறைக்கு வந்தார். "சார், வீட்டு லோன் போட்டிருக்கேனுங்க. 31 ஆக்கிக் குடுத்தீங்கன்னா போதும். வெளிய 32-க்குக் கூப்பிடறாங்க, ஆனா எனக்கு இங்கயே இருந்தாத்தானுங்க மனசுக்கு நல்லா இருக்கும்" என்றார்.

"உங்களுக்கு மட்டும் குடுத்தா எல்லாரும் கேப்பாங்கண்ணா" என்றேன். அவர் வாதாடவே இல்லை. அடுத்த திங்கட்கிழமை கடிதம் என் மேஜைக்கு வந்துவிட்டது.

இரண்டு மூன்று வாரம் எதுவும் தெரியவில்லை. அந்த மாத அறிக்கையில் சம்பளச் செலவு குறைந்ததைக் காட்டி நான் பாராட்டும் வாங்கினேன். அப்புறம் புது லாட் காஸ்டிங் (வார்ப்பு) வந்தது, பேரிங் உட்காரும் துளையில் சிக்கல் ஆரம்பித்தது. மெஷின்மேல் இருக்கும்போது அளந்தால் அளவு சரியாக இருக்கும். கிளாம்ப்பைக் கழற்றி, நுணுக்கமாக அளக்கும் சி.எம்.எம். மெஷின் இருக்கும் ரூமுக்குக் கொண்டுபோனால் துளையின் வட்டம் கெட்டிருக்கும். டூலை மாற்றினார்கள், புரோகிராமைப் பார்த்தார்கள், காஸ்டிங் அனுப்பியவரோடு சண்டை போட்டார்கள். ரிஜக்‌ஷன் கூடைகள் நடைபாதை வரைக்கும் வந்துவிட்டன.

ஒன்பதாவது நாள் குவாலிட்டி மேனேஜர் பொறுக்கமுடியாமல் பழைய செட்டருக்கே போன் போட்டார். அவர் இரண்டே நிமிஷத்தில் சொல்லிவிட்டார். சுவர் மெல்லிசாக இருக்கும் உருப்படி அது. முழு இறுக்கத்தில் பிடித்துக் கடைசி வெட்டு வெட்டினால், கழற்றியதும் உலோகம் பழைய நிலைக்குத் திரும்பும், துளை கோணிக்கொள்ளும். அதனால் ஃபினிஷிங் வெட்டுக்கு முன்னால் கிளாம்ப்புகளை ஒருமுறை தளர்த்தி, திரும்ப லேசாகப் பிடிக்க வேண்டும். புது லாட்டில் சுவர் இன்னும் மெலிந்திருந்ததால், பிடிக்கும் அளவையும் அதற்குத் தகுந்தபடி குறைக்க வேண்டும். இதை அவர் வருடக்கணக்காகச் செய்துவந்திருக்கிறார். பிராசஸ் ஷீட்டில் ஒரு வரிகூடக் கிடையாது. எழுதி வை என்று அவரிடம் யாரும் சொன்னதில்லை. அவருக்குப் பின்னால் ஒருவரை நிறுத்திக் கற்றுக்கொள்ள வைத்ததும் இல்லை. அந்தக் கடைசி வேலை என்னுடையது.

கப்பலில் போக வேண்டிய சரக்கு விமானத்தில் போனது. அந்த ஒரு பில் மட்டுமே அவருடைய ஒன்றரை வருடச் சம்பளத்தைத் தாண்டியது. அவர் கேட்டது 5,000. அதில் 8 சதவீதமான 2,080 ரூபாயை எப்படியும் கொடுத்திருப்போம். ஆக, நான் மிச்சம் பிடித்தது மாதம் 2,920, வருடத்துக்கு 35,040 ரூபாய். இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி இன்றைக்கும் என் டைரியில் வைத்திருக்கிறேன்.

கதை அதோடு முடியவில்லை. அந்த இடத்துக்கு வெளியிலிருந்து ஒருவரை 36,000-க்கு எடுத்தோம். ஒரே வாரத்தில் கேண்டீனில் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. உள்ளேயே இருந்த மற்ற செட்டர்கள், எட்டு ஒன்பது வருடம் உழைத்தவர்கள், புதிதாக வந்தவரைவிடக் குறைவாக வாங்குகிறோம் என்று புரிந்துகொண்டார்கள். ஒருவர் போனார். மற்றவர்களுக்கு ஏற்றிக்கொடுக்க வேண்டியதாயிற்று. யாருக்கும் விதிவிலக்கு இல்லை என்று நான் எழுதிய வரி மூன்று மாதம்கூடத் தாங்கவில்லை.

"ஒருத்தர் போனா இன்னொருத்தர் வருவார்" என்று எச்.ஆர். நாற்காலியில் இருப்பவர் சொல்லும்போது இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிறது. ஆள் வருவார், சரி. அந்தக் கைக்குத் தெரிந்தது எத்தனை நாள் கழித்து வரும்? அதற்குள் வாடிக்கையாளருக்குக் கொடுத்த வாக்கு என்னாகும்? எம்.பி.ஏ. வகுப்பில் 'ஸ்ட்ரேட்டஜிக் எச்.ஆர்.' என்று ஒரு செமஸ்டர் முழுக்க நடத்துகிறார்கள். ஆலைக்குள் அதன் அர்த்தம் இதுதான்: நிறுவனம் வெளியே என்ன வாக்குக் கொடுத்திருக்கிறது, அதைக் காப்பாற்றுவது யாருடைய கை, அந்தக் கைக்குப் பின்னால் இன்னொரு கை தயாராகிறதா. மூன்றும் தெரியாமல் போடும் சம்பளக் கணக்கு அக்கவுன்ட்ஸ் வேலை. அதைச் செய்ய அங்கே ஏற்கெனவே ஆள் இருக்கிறார்கள்.

அதற்குப் பிறகு நான் வேலை பார்த்த ஒவ்வொரு இடத்திலும் முதல் மாதத்தில் ஒரு காரியம் செய்கிறேன். புரொடக்‌ஷன், குவாலிட்டி, மெயின்டனன்ஸ் மூன்று பேரையும் தனித்தனியாகப் பார்த்து ஒரே கேள்வி கேட்பேன்: "நாளைக்கு யார் வரவில்லை என்றால் டிஸ்பாட்ச் நிற்கும்?" மூவரும் சொல்லும் பெயர்களில் பெரும்பாலும் மேனேஜர்கள் இருப்பதில்லை. ஹீட் ட்ரீட்மென்ட் ஃபர்னஸ் பார்க்கும் அண்ணா, டூல் ரூமில் கிரைண்டிங் செய்பவர், ஏற்றுமதிப் பேப்பர் போடும் அம்மா என்று வரும். 300 பேர் ஆலையில் அந்தப் பட்டியல் 15-ஐத் தாண்டியதில்லை. இந்தப் பதினைந்து பேருக்குப் பொது இன்கிரிமென்ட்டுக்கு வெளியே ஒரு தொகையைத் தனியாக ஒதுக்கச் சொல்லி, நின்றால் எவ்வளவு நஷ்டம் என்ற கணக்கோடு எம்.டி.யிடம் போவேன். மனிதாபிமானம் பேசிக் கேட்டபோது கிடைக்காதது, ஏர் ஃபிரைட் பில்லைக் காட்டிக் கேட்டபோது கிடைத்தது.

ஸ்கில் மேட்ரிக்ஸை ஆடிட்டுக்காக நிரப்புவது

யாருக்கு எந்த வேலை எவ்வளவு தெரியும் என்று காட்ட, வாகன உதிரிபாகத் துறையின் ஐ.ஏ.டி.எஃப். 16949 தரச் சான்றிதழ் உள்ள ஆலைகளில் சுவரில் தொங்கும் பட்டியல் இது. நான்காகப் பிரித்த வட்டத்தில், தெரிந்த அளவுக்குக் கறுப்பு அடித்திருப்பார்கள். ஆடிட்டுக்கு முந்தின நாள் ராத்திரி அதை நிரப்பாதீர்கள். மேலே சொன்ன செட்டரின் வேலைக்கு எதிரே எங்கள் சுவரில் நான்கு பேருக்கு முழு வட்டம் இருந்தது.

ஆர்டர் முடிவான பிறகு உள்ளே வருவது

"அடுத்த மாசம் ஒண்ணாம் தேதிக்கு 60 ஆபரேட்டர் வேணும்" என்று மெயில் வந்தால், தவறு ஏற்கெனவே நடந்துவிட்டது என்று அர்த்தம். கொட்டேஷன் போடும் கூட்டத்திலேயே நீங்கள் உட்கார வேண்டும். கூப்பிடவில்லை என்றால் கேட்டுப் போய் உட்காருங்கள். என் அனுபவத்தில், புதிதாக வரும் ஆபரேட்டர் தனியாக மெஷினைப் பார்க்க மூன்று மாதம் ஆகும். செட்டர் ஆக இரண்டு வருடம். மெஷின் வந்து சேரும் தேதியை எல்லாரும் ஷெட்யூலில் போடுகிறார்கள். ஆள் பழகும் காலத்தை யாரும் போடுவதில்லை, போடவேண்டிய ஆள் அந்த அறையில் இல்லை என்பதால்.

காலண்டரும் உங்கள் கையில்தான் இருக்கிறது. கோவை, திருப்பூர்ப் பக்கம் இன்று பல ஷாப் ஃப்ளோர்களில் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் தொழிலாளர்கள் நிறையப் பேர். பீகார்க்காரர்களுக்குத் தீபாவளியைவிடப் பெரியது, அது முடிந்த ஆறாம் நாள் வரும் சத் பூஜை. அதனால் இரண்டையும் சேர்த்துத்தான் ஊருக்குப் போவார்கள். ரயிலில் போகவர நாட்களையும் கூட்டிப் பாருங்கள். சொந்த மாநிலத்தில் தேர்தல் வந்தாலும் இதே கதைதான். அந்த மாதத்தில் முழு அளவு சப்ளைக்கு மார்க்கெட்டிங் கையெழுத்துப் போடும்போது நீங்கள் வாயைத் திறக்கவில்லை என்றால், அப்புறம் டபுள் ஓவர்டைம் போட்டும் தேறாது.

480 நாளைக் கண்டு பயப்படுவது

தமிழ்நாட்டில் 1981-ஆம் வருடச் சட்டம் ஒன்று இருக்கிறது. 24 மாதங்களுக்குள் 480 நாள் தொடர்ந்து வேலை செய்த தொழிலாளியை நிரந்தரமாக்க வேண்டும் என்கிறது. இதைத் தெரிந்துகொண்ட புதியவர்கள் முதலில் கற்றுக்கொள்வது 'பிரேக்' கொடுப்பதை. 450 நாள் ஆனதும் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, கொஞ்ச நாள் கழித்துப் புது ஆள் மாதிரி எடுப்பார்கள்.

சட்டப்படியும் இது ஓட்டைப் படகுதான். தொழிலாளியின் தவறு இல்லாமல் வேலை நின்ற நாட்களையும் சேர்த்துத்தான் தொடர்ச்சியான சர்வீஸைக் கணக்கிடச் சொல்கிறது அந்தச் சட்டம். வழக்கு என்று போனால் உங்கள் மஸ்டர் ரோலே, அதாவது வருகைப் பதிவேடே, உங்களுக்கு எதிராகப் பேசும். ஆனால் எனக்கு அதைவிட வருத்தம் வேறு. 450 நாளில்தான் ஒரு பையனுக்குக் கை பழகியிருக்கும். சத்தத்தை வைத்தே இன்சர்ட் (வெட்டும் முனை) தேய்ந்துவிட்டது என்று சொல்லத் தொடங்கியிருப்பான். சரியாக அந்த நேரத்தில் அவனைப் பக்கத்து ஆலைக்குத் தாரை வார்க்கிறோம்.

ஒப்பந்தக்காரர் பொறுப்பு என்று விட்டுவிடுவது

2021 டிசம்பரில் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஃபாக்ஸ்கான் ஆலைப் பெண்கள் தங்கியிருந்த விடுதியில் சாப்பாடு கெட்டு, 159 பேர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். ஐபோன் தயாரிக்கும் ஆலை மூடப்பட்டு, 2022 ஜனவரி 12-இல்தான் மறுபடி திறந்தது. விடுதிகளும் சாப்பாட்டுக் கூடங்களும் தங்கள் தரத்துக்கு இல்லை என்று ஆப்பிள் நிறுவனம் அந்த ஆலையைக் கண்காணிப்பில் வைத்தது.

அந்தப் பெண்களில் பலர் ஒப்பந்தக்காரர்கள் மூலம் வேலைக்கு எடுக்கப்பட்டவர்கள். உலகத்துக்கு அந்த வித்தியாசம் தெரியவில்லை, தெரிய வேண்டியதும் இல்லை. உங்கள் ஆலைக்கு விடுதி இருந்தால் மாதம் ஒருமுறை சொல்லாமல் கொள்ளாமல் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் போங்கள். அவர்களோடு உட்கார்ந்து அதே தட்டில் சாப்பிடுங்கள். எத்தனை பேருக்கு எத்தனை கழிப்பறை என்று எண்ணுங்கள். கண்ணாடி மாளிகையில் உட்கார்ந்து 'எம்ப்ளாயி என்கேஜ்மென்ட் சர்வே' அனுப்புவதைவிட அந்த ஒரு ராத்திரி அதிகம் சொல்லும்.

நல்ல ஆபரேட்டரை உடனே சூப்பர்வைசர் ஆக்குவது

ஒரு நல்ல ஆபரேட்டரை இழந்து, திணறும் ஒரு சூப்பர்வைசரைப் பெறுவீர்கள். மெஷின் பக்கத்திலேயே இருந்து சம்பளத்திலும் மதிப்பிலும் மேலே போக ஒரு வழி வையுங்கள்.

எக்ஸிட் இன்டர்வியூ

வேலையை விட்டுப் போகிறவரிடம் ஏன் போகிறீர்கள் என்று கேட்பது இது. கடைசி நாளில் யாரும் உண்மை சொல்வதில்லை. வேலைக்குச் சேர்ந்த ஆறாவது மாதத்தில் கேளுங்கள்.

பாலியல் புகார்க் குழு

2013-ஆம் வருடச் சட்டப்படி 10 பேர் வேலை செய்யும் இடத்திலேயே வேண்டும், வெளியிலிருந்து ஓர் உறுப்பினரோடு. பேப்பரில் இருந்தால் போதாது. ராத்திரி ஷிப்ட்டில் வேலை செய்யும் பெண்ணிடம் யாரிடம் போய்ச் சொல்வாய் என்று கேட்டால் அவர் ஒரு பெயர் சொல்ல வேண்டும்.

சங்கத்தோடு பேசுவதைத் தள்ளிப்போடுவது

2024-இல் ஸ்ரீபெரும்புதூர் சாம்சங் ஆலையில் வேலைநிறுத்தம் 37 நாள் நடந்தது. சம்பளத்தோடு, தங்கள் சங்கத்தை அங்கீகரிக்க வேண்டும் என்பதும் முக்கியக் கோரிக்கை. சங்கத்தோடு போட்ட சம்பள ஒப்பந்தம் முடியும் தேதி மூன்று வருடத்துக்கு முன்பே நமக்குத் தெரியும். அப்படியிருந்தும் கோரிக்கைப் பட்டியல் வந்த பிறகுதான் பலர் எக்ஸெல்லைத் திறக்கிறார்கள். எட்டு மாதம் முன்பே, பேச ஒன்றும் இல்லாதபோதே, சங்கத் தலைவரோடு டீ குடிக்கப் பழகுங்கள். சண்டை வந்த நாளில் முதல்முறையாக முகம் பார்த்துப் பேசுவது இரண்டு பக்கத்துக்கும் கஷ்டம்.

கூட்டத்தில் பார்த்த அந்த இளைஞர் நேற்று போன் செய்தார். டிஸ்பாட்ச் நிற்கும் பட்டியலைப் போட்டுவிட்டாராம், ஒன்பது பெயர். அதில் இரண்டு பேரோடு இதுவரை ஒரு வார்த்தைகூடப் பேசியதில்லை என்று அவரே சொன்னார். ஒருவர் ராத்திரி ஷிப்ட்டில் மட்டும் வருகிறவராம். இந்தச் சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு, ஷிப்ட் மாறும் நேரத்தில், அந்த ஆலை கேட்டில் நானும் அவரும் நிற்பதாகப் பேசியிருக்கிறோம்.