வேலூர் வெயிலும் வீட்டு டேப்லெட்டும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

டேப்லெட் கீழே விழுந்தால் உடனே தெரிந்துவிடும். சத்தம் கேட்கும், கண்ணாடியில் கீறல் விழும், வீட்டில் யாராவது திட்டு வாங்குவார்கள். சூட்டினால் கெட்டுப்போவது அப்படி இல்லை. ஒரு கோடையில் தொடங்கி அடுத்த கோடைக்குள் பேட்டரி நிற்கும் நேரம் நன்றாகக் குறைந்துவிடும். என்ன ஆச்சு என்று யாருக்கும் புரியாது. வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் இருக்கிற நாம் எல்லாவற்றுக்கும் முன்னால் கவனிக்க வேண்டியது இதைத்தான்.

கத்திரி வெயிலில் இங்கே 40 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். சுற்றிலும் பாறை மலை, ராத்திரியிலும் அனல் அடங்காது. ஐபேடை 35 டிகிரிக்கு மேல் உள்ள இடத்தில் பயன்படுத்த வேண்டாம் என்கிறது ஆப்பிள் நிறுவனம். அணைத்து வைத்தாலும் 45 டிகிரிக்கு மேல் கூடாதாம். மற்ற கம்பெனி டேப்லெட்டுகளுக்கும் கிட்டத்தட்ட இதே கணக்குதான். மே மாத மதியத்தில் தகர ஷீட் போட்ட அறையும், மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள அறையும் 35-ஐத் தாண்டாமல் இருந்தால்தான் ஆச்சரியம். கோட்டைக்கு வெளியே வெயிலில் காரை நிறுத்திவிட்டு, டேப்லெட்டை சீட்டிலேயே போட்டுவிட்டு ஜலகண்டேஸ்வரரைக் கும்பிடப் போகாதீர்கள். மூடிய காருக்குள் சூடு 60 டிகிரியைக்கூடத் தொடும்.

டேப்லெட்டுக்குள் லேப்டாப் போல விசிறி கிடையாது. உள்ளே உண்டாகும் சூடு பெரும்பாலும் முதுகுப் பக்கம் வழியாகத்தான் வெளியேற வேண்டும். நாம் அந்த முதுகுக்குத் தடித்த ரப்பர் கவர் மாட்டி, மெத்தைமேல் படுக்கவைத்து, சார்ஜும் போட்டுவிட்டு, குழந்தை கையில் வீடியோவும் ஓடவிடுகிறோம். சார்ஜ் ஏறும்போது பேட்டரி சூடாகும், வீடியோ ஓடினால் சிப்பும் திரையும் சூடாகும். இரண்டும் ஒரே நேரத்தில் வேண்டாம். சார்ஜ் போடும்போது கவரைக் கழற்றி, டைல்ஸ் தரையிலோ மேசையிலோ வைத்தாலே பெரிய வித்தியாசம் தெரியும். கொதிக்கிறதே என்று ஃப்ரிட்ஜில் மட்டும் வைத்துவிடாதீர்கள். உள்ளே ஈரம் கோத்துக்கொண்டு போர்டே போய்விடும். அணைத்துவிட்டு ஃபேன் காற்றில் வைத்தால் போதும்.

லித்தியம் அயான் பேட்டரிக்கு இரண்டு விஷயங்கள் சேர்ந்து வந்தால் ஆகாது: சூடும், நூறு சதவீதம் ஏறி நிற்கிற நிலையும். முழு சார்ஜில் உள்ளே வோல்டேஜ் அதிகம். அந்த நேரத்தில் சூடும் சேர்ந்தால் பேட்டரிக்குள் இருக்கும் ரசாயனங்கள் வேகமாகச் சிதையும், வாயு உண்டாகும், பேட்டரி உப்பும். ராத்திரி சார்ஜ் போட்டு காலையில் எடுக்கிற பழக்கம் நம் ஊர் வெயிலுக்கு ஏற்றதே இல்லை. இப்போது வருகிற பல டேப்லெட்டுகளில் சார்ஜை 80 சதவீதத்தோடு நிறுத்தும் வசதி, பேட்டரி செட்டிங்ஸில் இருக்கிறது. கோடை முழுக்க அதைப் போட்டு வையுங்கள். சுத்தமாகத் தீர்ந்த பிறகுதான் சார்ஜ் போட வேண்டும் என்று பெரியவர்கள் சொல்வது பழைய நிக்கல் காட்மியம் பேட்டரிக்கான வழக்கம். இதற்கு அது கெடுதல். 20 சதவீதத்துக்கு வந்ததும் போட்டுவிடலாம்.

பேட்டரி உப்பியிருப்பதைக் கண்டுபிடிப்பது எளிது. மேசையில் மல்லாக்க வைத்தால் டேப்லெட் ஒரு பக்கம் ஆடும். ஓரத்தில் திரை லேசாகத் தூக்கியிருக்கும், அந்த இடுக்கில் நகம் நுழையும், இருட்டில் பார்த்தால் அங்கிருந்து வெளிச்சம் கசியும். சத்துவாச்சாரியில் தெரிந்த வீடு ஒன்றில், பசை விட்டுப்போச்சு என்று நினைத்து அதைக் கையால் அழுத்தி ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருந்தார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். அழுத்தினாலோ குத்தினாலோ தீப்பிடிக்கும். அணைத்துவிட்டு, சார்ஜரைப் பிடுங்கிவிட்டு, துணி, காகிதம் இல்லாத இடத்தில் தனியாக வைத்து, சீக்கிரமே சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோங்கள். குப்பைத் தொட்டி இதற்கான இடம் இல்லை.

அடுத்தது சார்ஜர். வீட்டில் கிடக்கிற பழைய போன் சார்ஜர் பெரும்பாலும் 5 வாட் இருக்கும். 7,000 எம்ஏஹெச் பேட்டரியில் சுமார் 27 வாட் மணி மின்சாரம் பிடிக்கும். வீணாவதையும் சேர்த்தால் அந்த சார்ஜரில் ஏறி முடிய ஆறேழு மணி நேரம் ஆகும். டேப்லெட் கெட்டுவிட்டதாக நினைத்து எடுத்துக்கொண்டு அலைவதற்கு முன் சார்ஜரின் அடியில் என்ன வாட் அச்சடித்திருக்கிறது என்று பாருங்கள். பிளாட்பாரத்தில் விற்கிற, பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) முத்திரை இல்லாத சார்ஜர் வேண்டாம்.

வாங்கும்போது செய்கிற தவறுகளும் உண்டு. சாரதி மாளிகையில் நாலு கடை ஏறி இறங்குகிறவர்கள்கூட திரை எத்தனை இன்ச் என்றும் விலையும் மட்டும்தான் கேட்கிறார்கள். 32 ஜிபி என்று பெட்டியில் இருந்தால் அதில் கணிசமான பங்கை சிஸ்டமே எடுத்துக்கொள்ளும். மெமரி கார்டு போட்டுக்கலாம் என்பார்கள். படமும் வீடியோவும் அதில் வைக்கலாம், பெரும்பாலான ஆப்களை அதற்கு மாற்ற முடியாது. ஐபேடில் கார்டு போடவே இடமில்லை. சிம் போடாத மாடல் விலை குறைவு. ஆனால் வீட்டில் வைஃபை இல்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் யாராவது போனில் ஹாட்ஸ்பாட் போட்டுக் கொடுக்க வேண்டும். காட்பாடியில் ரயில் ஏறினால் பாதிப் பிள்ளைகளுக்கு அப்பாவின் போன்தான் நெட். இன்னொன்று, கடைக்காரர் சொல்லவே மாட்டார்: படங்களைத் திருட்டு நகல் எடுக்காமல் காக்கும் வைட்வைன் (Widevine) என்ற பூட்டு, மலிவான டேப்லெட்டுகள் சிலவற்றில் எல்3 என்ற தரத்தில்தான் இருக்கும். திரை எவ்வளவு நன்றாக இருந்தாலும், பல ஓடிடி ஆப்களில் படம் மங்கலாக 480பி தரத்தில்தான் வரும். எல்1 இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். பாதுகாப்பு அப்டேட் எத்தனை வருடம் தருவார்கள் என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

துடைப்பதற்குக் கண்ணாடி துடைக்கிற ஸ்பிரே வேண்டாம். கைரேகை படியாமல் இருக்கத் திரைமேல் போட்டிருக்கும் மெல்லிய பூச்சு அதில் போய்விடும். லேசாக ஈரமாக்கிய மென்துணி போதும்.

நம் வீடுகளில் டேப்லெட் ஒருவருடையது இல்லை. காலையில் தாத்தா செய்தி பார்ப்பார், சாயங்காலம் பேத்தி பாடம் படிப்பாள், இடையில் அம்மா சமையல் வீடியோ போடுவார். இதே டேப்லெட்டில் அப்பாவின் பேங்க் ஆப்பும், கேட்காமலே பணம் கழியும் கார்டும் இருந்தால் வம்புதான். பெரும்பாலான ஆண்ட்ராய்டு டேப்லெட்டுகளில் ஆளுக்கொரு யூசர் உருவாக்கலாம். குழந்தைக்குத் தனி யூசரோ, பெற்றோர் கண்காணிக்க கூகுள் தரும் ஃபேமிலி லிங்க் கணக்கோ வைத்து, ஆப் வாங்க பாஸ்வேர்டு கேட்கும்படி செய்யுங்கள். ஐபேடில் கைடட் ஆக்சஸ் போட்டால் குழந்தை ஒரே ஆப்பில்தான் இருக்க முடியும். இரண்டு வயது ஆகும்வரை திரையே வேண்டாம், இரண்டு முதல் நாலு வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொல்லியிருக்கிறது. சாப்பாடு ஊட்டுவதற்காகக் கையில் கொடுக்கிற வழக்கத்தை இதற்காகவாவது விட வேண்டும்.

விற்கும்போதும், சொந்தக்காரர் பிள்ளைக்குக் கொடுக்கும்போதும் பலர் ஃபார்மட் மட்டும் போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். முதலில் செட்டிங்ஸுக்குப் போய் கூகுள் கணக்கை நீக்க வேண்டும், ஐபேட் என்றால் ஃபைண்ட் மை வசதியை அணைக்க வேண்டும், அப்புறம்தான் ஃபார்மட். கணக்கை நீக்காமல் ரெக்கவரி மெனு வழியாக ஃபார்மட் போட்டால், மறுபடி ஆன் செய்யும்போது பழைய பாஸ்வேர்டைக் கேட்டு நின்றுவிடும். குடியாத்தத்தில் இருக்கிற பிள்ளை அதற்காக உங்களுக்குப் போன் செய்யும்போது அந்தப் பாஸ்வேர்டு உங்களுக்கே ஞாபகம் இருக்காது.