மேஜையில் முதல் கேரக்டர் சாகும்போது என்ன செய்வது? புது டிஎம்களுக்கு ஒரு செய்முறை

டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ், அதாவது ஆளுக்கொரு கேரக்டராகப் பகடை உருட்டி ஆடும் கதை விளையாட்டை, டிஎம்மாக (ஆட்டத்தை நடத்துபவராக) நடத்த ஆரம்பித்து மூன்று நான்கு வாரம் ஆகியிருக்கும். திடீரென்று யாரோ ஒருவருடைய ஹிட் பாயின்ட் (கேரக்டர் எவ்வளவு அடி தாங்கும் என்ற கணக்கு) பூஜ்யத்துக்கு வந்துவிடும், பேச்சு நின்றுவிடும், எல்லோரும் உங்கள் முகத்தையே பார்ப்பார்கள். என் ஆட்டத்தில் ஒரு தம்பி, "அண்ணே, நான் செத்துட்டேனா?" என்று கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை. விதிப்புத்தகத்தைப் புரட்டியதில் பத்து நிமிஷம் போய்விட்டது, அதற்குள் ஒருவர் எழுந்து டீ போடப் போய்விட்டார். அந்தப் பத்து நிமிஷம் உங்களுக்கு வீணாகக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். இங்கே வருவதெல்லாம் 2014இல் வெளியான ஐந்தாம் பதிப்பின் விதிகள்.

ஆட்டம் தொடங்கும் முன்பே கேளுங்கள்

முதல் நாள் கேரக்டர் உருவாக்கும்போதே கேட்டுவிடுங்கள்: இந்தக் கதையில் உங்கள் ஆள் சாகலாமா, செத்தால் மந்திரத்தால் திரும்ப வரலாமா, எந்த மாதிரிக் காட்சி வேண்டவே வேண்டாம். வீட்டில் சமீபத்தில் துக்கம் நடந்தவருக்கு இறுதிச் சடங்குக் காட்சி வேண்டாமாக இருக்கலாம், அதைக் காட்சி வந்த பிறகு தெரிந்துகொண்டு என்ன பயன்? ஐந்து நிமிஷ வேலைதான்.

பூஜ்யம் என்றால் சாவு இல்லை

1974இல் வந்த முதல் பதிப்பில் பூஜ்யம் என்றால் கதை முடிந்தது. இப்போது அப்படி இல்லை. பூஜ்யத்துக்கு வந்தவர் மயங்கி விழுகிறார், அவ்வளவுதான். தன் முறை வரும்போதெல்லாம் அவர் ஒரு டி20, அதாவது இருபது முகப் பகடை, உருட்டுவார். 10 அல்லது அதற்கு மேல் விழுந்தால் ஒரு வெற்றி, 9 அல்லது அதற்குக் கீழ் என்றால் ஒரு தோல்வி. மூன்று வெற்றி சேர்ந்தால் உயிர் நிலைத்துவிடும், மூன்று தோல்வி சேர்ந்தால் சாவு. வெற்றியோ தோல்வியோ அடுத்தடுத்து வர வேண்டிய அவசியமில்லை. பகடையில் 1 விழுந்தால் இரண்டு தோல்வி, 20 விழுந்தால் ஒரு ஹிட் பாயின்ட்டோடு கண் திறந்துவிடலாம்.

யாருமே உதவிக்கு வராவிட்டாலும், வேறு அடி எதுவும் விழாவிட்டால், கணக்குப்படி பத்தில் ஆறு பேர் பிழைத்துவிடுவார்கள். ஆக, விழுந்ததற்கும் சாவதற்கும் நடுவில் இரண்டு மூன்று சுற்று இருக்கிறது. என்னைக் கேட்டால் சண்டையிலேயே சுவாரசியமான இடம் அதுதான். ஓடிப்போய்க் காப்பாற்றுவதா, முதலில் எதிரியை முடிப்பதா என்று மற்றவர்கள் அடித்துக்கொள்ளட்டும், நீங்கள் அவசரப்படாதீர்கள். காப்பாற்றவும் பெரிய மந்திரம் தேவையில்லை. மெடிசின் சோதனையில் (வைத்தியத் திறமைக்கான பகடை உருட்டல்) 10 எடுத்தால் போதும், ஹீலர்ஸ் கிட் என்ற மருந்துப் பை கையில் இருந்தால் அந்தச் சோதனையும் வேண்டாம்.

ஒரே ஒரு விதிவிலக்கு, புது ஆட்களை அதிகம் காவு வாங்குவதும் அதுதான். பூஜ்யத்துக்கு வந்த பிறகும் மிச்சமிருக்கும் அடி, அந்தக் கேரக்டரின் முழு ஹிட் பாயின்ட் அளவுக்கு இருந்தால் உடனே சாவு, பகடைக்கே வேலையில்லை. முதல் லெவல் விஸார்ட் (மந்திரவாதி) ஒருவருக்கு மொத்தம் 8 ஹிட் பாயின்ட், இப்போது கையில் இருப்பது 5 என்று வைத்துக்கொள்வோம். ஓகர் என்ற ராட்சதனின் கதாயுதம் சராசரியாகவே 13 அடிக்கும். 5 போனால் மீதி 8, ஆள் காலி. அதனால் முதல் லெவலில் ஓகரை இறக்காதீர்கள். இறக்கியே தீருவேன் என்றால், அது ஒரே அடியில் ஒரு மரக்கதவைப் பிளப்பதை முன்கூட்டியே காட்டிவிடுங்கள். ஓட நினைப்பவர்கள் ஓடட்டும்.

விழுந்தவனை எதிரி மறுபடி அடிப்பானா?

இதைத்தான் பலர் யோசிப்பதே இல்லை. மயங்கிக் கிடப்பவரை ஐந்து அடி தூரத்துக்குள் நின்று தாக்கி, அது பட்டால் கிரிட்டிக்கல், அதாவது பலமான அடி, ஆகிவிடும், அதற்கு இரண்டு தோல்வி. ஆக, ஒரே சுற்றில் இரண்டு காப்ளின்கள் (குட்டிப் பூதங்கள்) குத்தினால் சோலி முடிந்தது, அந்த ஆட்டக்காரர் ஒரு பகடைகூட உருட்டியிருக்க மாட்டார். இது விதிப்படி சரிதான், ஆனால் அந்த எதிரி ஏன் அப்படிச் செய்கிறான் என்பதற்குக் காரணம் இருக்க வேண்டும். பிணம் தின்னும் கூல் என்ற பேய் செய்யும், அதற்குப் பசி. கூலிக்கு வந்த கொள்ளைக்காரன் பெரும்பாலும் செய்ய மாட்டான், வாளோடு எதிரே நிற்பவன்தானே அவனுக்குத் தலைவலி. எந்த எதிரி எப்படி என்று ஆட்டத்துக்கு முன்பே ஒரு வரி குறித்து வையுங்கள். சண்டை சூட்டில் முடிவெடுத்தால் அது உங்கள் கோபமாகத்தான் தெரியும்.

பகடையை மாற்றாதீர்கள்

நான் மாற்றியிருக்கிறேன். மறைப்பு அட்டைக்குப் பின்னால் எதிரியின் தாக்குதலுக்கு 19 விழுந்தது, "9, படவில்லை" என்றேன். என் குரலிலேயே தெரிந்துவிட்டது போல, எதிரே இருந்தவர் லேசாகச் சிரித்தார். அதற்குப் பிறகு அந்தக் குழுவில் யாரும் எந்தச் சண்டையிலிருந்தும் ஓடவில்லை, நான் காப்பாற்றிவிடுவேன் என்று அவர்களுக்குத் தெரிந்துபோயிற்று. இப்போதெல்லாம் யாராவது விழுந்துவிட்டால் அட்டையை மடக்கி வைத்துவிட்டு எல்லோர் கண்முன்னும்தான் உருட்டுகிறேன்.

செத்துவிட்டார். இப்போது?

உடனே அடுத்தவர் முறைக்குத் தாவாதீர்கள். "கடைசியாக உன் ஆள் என்ன பார்க்கிறான், என்ன சொல்கிறான்?" என்று கேளுங்கள். சிலர் இரண்டே வார்த்தையில் முடிப்பார்கள், சிலர் ஐந்து நிமிஷம் பேசுவார்கள், இரண்டுக்கும் விட்டுக்கொடுங்கள். சண்டை இன்னும் பாக்கியிருந்தால் ஒரு எதிரியையோ கூட வந்த காவலாளியையோ அவர் கையில் கொடுத்துவிடுங்கள். மூன்று மணி நேரம் சும்மா போனை நோண்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் அடுத்த வாரம் வருவது சந்தேகம்தான்.

திரும்பக் கொண்டுவர வழிகள் உண்டு, பெரும்பாலானவற்றுக்கு வைரம் வேண்டும். ரிவிவிஃபை என்ற மந்திரத்தைச் செத்து ஒரு நிமிஷத்துக்குள் செய்ய வேண்டும், 300 பொற்காசு மதிப்புள்ள வைரங்கள் தேவை, கிளெரிக்குக்கு (பூசாரி மாதிரி கேரக்டர்) ஐந்தாம் லெவலில் கிடைக்கும். ரெய்ஸ் டெட் என்ற மந்திரத்துக்குப் பத்து நாள் அவகாசம், 500 பொற்காசு வைரம். எழுந்து வந்தவருக்குத் தாக்குதலிலும் சோதனைகளிலும் 4 குறையும், ஒவ்வொரு நீண்ட ஓய்வுக்கும் ஒன்று ஒன்றாகத்தான் அது சரியாகும். உங்கள் ஊரில் எத்தனை வைரம் கிடைக்கும் என்பது உங்கள் கையில். சாவுக்குப் பயம் இருக்க வேண்டுமா வேண்டாமா என்பதை நிஜத்தில் தீர்மானிப்பது அந்த வைரத்தை விற்கும் கடைக்காரர்தான்.

புது கேரக்டர் செய்தால் மற்றவர்களின் லெவலிலேயே கொண்டுவாருங்கள். முதல் லெவலில் தொடங்கச் சொல்வது தண்டனை மாதிரி ஆகிவிடும், பாவம்.

அப்புறம், செத்தவரின் பை. எங்கள் ஆட்டத்தில் செத்த ஒரு விஸார்டின் உடம்பு ஆறுவதற்குள் ஃபைட்டர், "அவனோட மோதிரம் இப்ப யாருக்கு?" என்று கேட்டான். சிரித்தோம், ஆனால் அதில் ஒரு ஓட்டை இருக்கிறது. பழைய ஆளின் சாமானை எல்லோரும் பங்கு போட்டுக்கொள்வார்கள், புது ஆள் தனக்கென்று தனிச் சாமானோடு வருவார், இரண்டு சாவுக்குள் குழுவிடம் இருக்க வேண்டியதைப் போல இரண்டு மடங்கு சேர்ந்துவிடும். நான் செத்தவரின் சொந்த ஊரிலிருந்து ஒரு தங்கையை வரவழைத்துவிடுவேன். அண்ணன் பையைக் கேட்டு அவள் வாசலில் நிற்கும்போது, மோதிரத்தைப் போட்டிருப்பவன் என்ன செய்கிறான் என்று பார்க்க வேண்டுமே.