யூரியா காற்றோடு போவது ஏன்? யூரியேஸ் நொதி பற்றிய தவறான எண்ணங்கள்

"நம்ம மண்ணு புளிச்ச மண்ணு, அமோனியா எங்க பறக்கப் போவுது?" மலேசியாவின் பெஸ்தாரி ஜெயா பக்கம் செம்பனை போட்டிருப்பவர்கள் இப்படி நம்பி யூரியாவை வீசுகிறார்கள். மண் அமிலம்தான். ஆனால் மண்ணிலுள்ள யூரியேஸ் நொதி யூரியாவை அமோனியாவாக உடைக்க உடைக்க, பக்கத்து மண்ணின் அமிலம் தீர்ந்துகொண்டே வரும். குருணையைச் சுற்றிச் சில மில்லிமீட்டர் தூரத்துக்கு பிஎச் 8ஐத் தாண்டும். அமோனியா கிளம்ப அது போதும். 50 கிலோ மூட்டையில் நைட்ரஜன் 23 கிலோ. மரத்தடியில் மூக்கில் ஏறும் நெடி அந்த 23 கிலோவில் கரைவதுதான்.

நொதியை உண்டாக்கும் பாக்டீரியா செத்தால் நொதியும் ஓய்ந்துவிடும் என்பதும் தவறு. செல் சிதைந்த பிறகும் யூரியேஸ் களிமண்ணிலும் மட்கிலும் ஒட்டிக்கொண்டு வேலை செய்யும். மக்கும் மட்டையில் அது இன்னும் மும்முரம். அதனால் மட்டை அடுக்கின் மேல் யூரியா கொட்டவே கூடாது. பனியும் தூறலும் குருணையைக் கரைக்கும், கீழே இறக்காது. இழப்பு அப்போதுதான் அதிகம். ஈர மண்ணில் போட்டு, ஓரிரு நாளில் 10 முதல் 15 மில்லிமீட்டர் மழை கிடைத்தால் நல்லது. கொட்டும் மழையென்றால் உரமே அடித்துப் போய்விடும். வறட்சியில் அமோனியம் சல்பேட்டுக்கு மாறலாம். அதில் நைட்ரஜன் 21 சதவீதமே என்பதால் இரு மடங்குக்கு மேல் வேண்டும், மண்ணும் மேலும் புளிக்கும். சுண்ணாம்போடு இரண்டையுமே கலக்காதீர்கள்.

இந்த நொதியைப் பாடமாகப் படிக்கும் மாணவர்கள் தடுமாறுவது வேறு இடத்தில். 1926இல் அமெரிக்க வேதியியலாளர் சம்னர் படிகமாக்கியது வாளவரை இனத்து விதையின் யூரியேஸை, பாக்டீரியாவுடையதை அல்ல. அதில் நிக்கல் இருப்பதே 1975இல்தான் தெரிந்தது. பாக்டீரியா நொதியின் முதல் படிக அமைப்பு, கிளெப்சியெல்லா என்ற பாக்டீரியாவிலிருந்து, 1995இல் வந்தது. வினை மையத்தில் இரண்டு நிக்கல் அயனிகள், சுமார் 3.5 ஆங்ஸ்ட்ராம் (ஒரு ஆங்ஸ்ட்ராம் மில்லிமீட்டரில் கோடியில் ஒரு பங்கு) இடைவெளியில். அவற்றை இணைக்கும் லைசின் என்ற அமினோ அமிலத்தைச் சும்மா லைசின் என்று வரைந்தால் தப்பு: கார்பன் டை ஆக்சைடு ஏறிய லைசின் அது. அந்தக் கார்பன் டை ஆக்சைடு இல்லாமல் நிக்கல் சரியாக அமராது. வினை மையம் இருக்கும் குழியின் வாயில் ஒரு மடல் திறந்து மூடும். ஒரே படத்தைப் பார்த்து எப்போதும் திறந்த குழி என்று முடிவுகட்டக் கூடாது. "இரண்டு அமோனியா ஒரே அடியில் வரும்" என்று எழுதுவதும் பிழை. முதலில் ஒரு அமோனியாவும் கார்பமேட்டும் வரும். கார்பமேட் தானாக உடையும்.

யூரியேஸ் தடுப்பான் பூசிய யூரியா வாங்கினால் கவலையே இல்லை என்பது கடைசி ஏமாற்றம். பூசப்படும் என்பிபிடி என்ற தடுப்பு மருந்து நொதிக்குள் நுழைகிறது. நொதி அதை வெட்ட, மிஞ்சும் துண்டு இரு நிக்கலையும் பிடித்துக்கொள்ள, மடல் மூடிக்கொள்கிறது. கிடைப்பது ஓரிரு வாரத் தாமதம்தான். அமில மண்ணில் மருந்து சீக்கிரம் சிதைவதால் அதுவும் குறையும். மழைக்காக அப்போதும் காத்திருக்க வேண்டும். பூசிய மூட்டையைத் தகரக் கூரை ஸ்டோரின் வெக்கையில் அடுத்த உரச் சுற்றுக்கென்று வைத்திருந்தால் மருந்து அங்கேயே வீரியம் இழக்கும். அந்தச் சுற்றுக்குத் தேவையானதை மட்டும் வாங்குங்கள்.